இரண்டாம் எழுத்து

மண்வெட்டி முடிந்துவிட்டது.
பிடிக்குக் காவி, தகட்டுக்குக் கறுப்பு,
பளபளப்புக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
கீழே "வாக்களிப்பீர்" என்பதும் முடிந்தது.
நடுவில் ஆறடி வெறும் சுண்ணாம்பு.

"ரெண்டு பேருக்குமே மா-தானப்பா,
அதை மட்டும் போட்டு வை" என்றார் கிளைச் செயலாளர்.
போட்டேன்.
பூம்பாறையில் பேருந்து திரும்பும் இடத்தில்
பத்து நாளாய் ஒற்றைக் காலில் நின்றது அந்த மா,
யாரையோ கூப்பிடத் தொடங்கிப்
பேர் மறந்துபோன மாதிரி.

மாயழகா, மாரிக்கண்ணா.
ஒன்றியக் கவுன்சிலருக்கு யாரை நிறுத்துவது?
ஒரே கொடி, ஒரே சின்னம், ஒரே உண்டியல்.
மேலத்தெரு டீக்கடையில் மாயழகு ஆட்கள்,
ரேஷன் கடை மேட்டில் மாரிக்கண்ணு ஆட்கள்.
எதிர்க்கட்சிக்காரன் நடுவில் நடந்து போனான்,
இரண்டு பக்கமும் வணக்கம் வைத்தார்கள்.
எங்களுக்குள்தான் முகம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூண்டுக் கிடங்கில் வாக்கெடுப்பு.
சீட்டில் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று
மாயழகுக்கு ஒரு பூண்டுப் பல்,
மாரிக்கண்ணுக்கு ஒரு பட்டர் பீன்ஸ்.
சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு முறம், ஒரு பித்தளைக் குடம்.
"பூண்டு எடுத்தவன் கை மணக்குமே" என்றது ஒரு குரல்.
"பூம்பாறையில எவன் கை மணக்காது?"
இரு தரப்பும் சேர்ந்து சிரித்தது
அந்த ஒரு தடவைதான்.

குடத்தைக் கவிழ்த்தார்கள்.
பீன்ஸ் அறுபத்து மூன்று.
பூண்டு அறுபத்து இரண்டு,
அதில் ஒன்று இரட்டைப் பல்.
ஒரே தோலுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி.

"அது ரெண்டு ஓட்டு!"
"ஓட்டு ஆளுக்கா, பல்லுக்கா?"
"உரிச்சுப் பாருய்யா!"
"உரிச்சா எதுதான் ரெண்டாப் போகாது?"
இருபது வருடம் ஒரே வேனில் மாநாட்டுக்குப் போனவர்கள்,
ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவர்கள்
சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.
செயலாளர் பல்லை விளக்குக்கு நேரே தூக்கினார்,
வைரம் பார்க்கிற செட்டியார் கணக்காய்.
"தோல் ஒண்ணு. ஓட்டு ஒண்ணு."

அது நான் போட்டது.
திரைக்குப் பின்னால் இருட்டுத்தான்,
ஆனால் எட்டு வயதிலிருந்து பூண்டு பிரிக்கிற
பெருவிரலுக்கு விளக்கு எதற்கு?
தடவும்போதே தெரிந்தது அந்தப் பள்ளம்.
தெரிந்தேதான் எடுத்தேன்.
மாரிக்கண்ணு நல்லவள். கணக்குக் கேட்பாள்,
கேட்டால் கணக்குக் காட்டுவாள்.
மாயழகு என் அப்பனுக்கு
அடைமழையில் பாடை கட்டியவன்.
இதில் எதை எதோடு வைத்து நிறுக்க?

இன்றைக்குக் காசிராசன் வரவில்லை.
ஏணி பிடிக்கிற பையன், மாயழகுக்கு மருமகன் முறை.
"பேர் எழுத வேற ஆள் பாருங்க" என்று
பெயிண்ட் டப்பாவை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்,
மூடியை இறுக்கி மூடி.
ஏணிக்கு அடியில் இரண்டு கல் கொடுத்து ஏறினேன்.
மேகம் இறங்கிச் சுவர் ஊறிப்போயிருக்கிறது.
நான்கைந்து அடிக்கு அப்பால் ஊரே இல்லை.

இரண்டாம் எழுத்துக்குத் தூரிகையைத் தோய்த்துவிட்டேன்.
தோய்த்தது சொட்டுகிறது
மண்வெட்டி மேல்.

கீழே ஒரு செருமல்.
அந்தச் செருமலை எனக்குத் தெரியும்.
டீ கிளாஸின் ஆவி மட்டும் தெரிந்தது, ஆள் இல்லை.

"ரி-க்கு விலங்கை நல்லா வளைச்சுப் போடு" என்றான் மாயழகு.
"தூரத்துல இருந்து பார்த்தாத் தெரியணும்."

எந்த முகத்தோடு சொன்னான் என்று
குனிந்து பார்த்தேன்.
மேகம்.
ஏணி மட்டும்
ஆடாமல் நின்றது.